பீட்டில்ஜூஸ் (1988): மறுபடியும் பார்க்கப் போகிறவர்களுக்கான கேள்வி பதில்கள்

இது எதைப் பற்றிய படம்?

டிம் பர்ட்டன் இயக்கி 1988 மார்ச் 30 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான ‘பீட்டில்ஜூஸ்’, பேய்களின் பக்கம் நின்று கதை சொல்லும் நகைச்சுவைப் படம். கனெடிகட் மாநிலத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் வின்டர் ரிவர் என்னும் கற்பனைச் சிற்றூரில், குன்றின் மேலுள்ள பழைய வீட்டில் ஆடம், பார்பரா மெய்ட்லண்ட் என்ற இளம் தம்பதி வாழ்கிறார்கள். விடுமுறையை வீட்டிலேயே கழிக்க நினைக்கும் அவர்கள், கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் குறுக்கே வந்த நாயின் மீது மோதாமலிருக்க வண்டியைத் திருப்பி, கூரை வேய்ந்த மரப்பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறார்கள். நனைந்த உடையோடு வீடு வந்து சேர்ந்து, கண்ணாடியில் தங்கள் பிம்பம் தெரியாததையும், புதிதாக இறந்தவர்களுக்கான கையேடு ஒன்று மேசைமேல் கிடப்பதையும் கண்ட பிறகுதான் தாங்கள் இறந்துவிட்டோம் என்பதே அவர்களுக்கு விளங்குகிறது.

பிறகு அந்த வீட்டை நியூயார்க்கிலிருந்து வரும் டீட்ஸ் குடும்பம் வாங்குகிறது. சார்லஸ் நரம்புத் தளர்ச்சிக்குப் பின் அமைதி தேடி வந்தவர். அவருடைய இரண்டாவது மனைவி டீலியா, தன்னைப் பெரிய சிற்பியாக நம்புகிறவர். முதல் மனைவியின் மகள் லிடியா எப்போதும் கறுப்பு உடையில் இருக்கும் பதின்பருவப் பெண். வந்தவர்கள் வீட்டையே இடித்து மாற்றத் தொடங்க, இறந்த தம்பதியர் அவர்களை எப்படியாவது துரத்தப் பார்க்கிறார்கள். இருவருக்கும் பயமுறுத்தவே தெரியவில்லை என்பதுதான் கதையின் முடிச்சு.

எண்பதுகளில் வந்த மற்ற பேய் நகைச்சுவைப் படங்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

1984-இல் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்ற ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் பேய் என்பது வந்து தொல்லை தருவது. அதைப் பிடித்து அடைப்பது ஒரு தொழில். இந்தப் படம் அந்த ஏற்பாட்டை அப்படியே கவிழ்த்துப் போடுகிறது. இங்கே தொல்லை தருகிறவர்கள் உயிரோடிருப்பவர்கள்; ஆளை வைத்து அவர்களை ஓட்ட நினைக்கிறவர்கள் பேய்கள். சுவர்களைப் பெயர்த்து, பூப்போட்ட தாள்களைக் கிழித்து, வரவேற்பறையில் கோணல்மாணலான சிற்பங்களை நிறுத்தும் டீட்ஸ் குடும்பத்தையும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஓத்தோ என்ற உள் அலங்காரக்காரரையும் மாடியறையிலிருந்து கையறு நிலையில் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பதியின் துயரம் நமக்கு உண்மையாகவே உறைக்கிறது. தன் வீட்டிலேயே தான் அந்நியராகிப்போன நிலையைச் சொல்வதற்குப் பேய்க்கதையை விடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பது என் எண்ணம்.

பீட்டில்ஜூஸ்தான் கதாநாயகனா? அவர் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறார்?

பல ஆண்டுகளுக்குப் பின் இப்படத்தைத் திரும்பப் பார்க்கிறவர்கள் அதிகம் வியப்பது இதற்குத்தான். 92 நிமிடப் படத்தில் பீட்டில்ஜூஸாக நடிக்கும் மைக்கேல் கீட்டன் திரையில் இருக்கும் நேரம் சுமார் 17 நிமிடங்களே. முதலில் செய்தித்தாளில் இறந்தவர்களின் பட்டியலை மேய்ந்துகொண்டு ஒரு கணம் தலைகாட்டுகிறார். பிறகு தொலைக்காட்சி விளம்பரத்தில் வருகிறார். மெய்ட்லண்ட் தம்பதி அவரை நேரில் சந்திக்கும்போது படம் பாதியை நெருங்கிவிடுகிறது. போஸ்டரும், பின்னர் வந்த பொம்மைகளும் கார்ட்டூனும் அவரையே முன்னிறுத்தியதால், படம் முழுவதும் அவர் நிறைந்திருந்ததாக நம் நினைவு கதை கட்டிக்கொள்கிறது.

அவர் கதாநாயகன் அல்லர். மனிதரை வீட்டை விட்டு ஓட்டித் தருவதாக விளம்பரம் செய்துகொண்டு திரியும் ஒரு போக்கிரிப் பேய். ஓரியன் விண்மீன் கூட்டத்தில் நாம் திருவாதிரை என்று அழைக்கும் சிவந்த விண்மீனின் ஆங்கிலப் பெயரைத் தாங்கியவர். அந்தப் பெயரை மூன்று முறை உச்சரித்தால் வருவார், மீண்டும் மூன்று முறை உச்சரித்தால் போய்விடுவார். கூப்பிட்டால் வேலை நடக்கும், ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது கூப்பிட்ட பிறகுதான் தெரியும். இப்படிப்பட்ட ஒருவர் திரையில் அதிக நேரம் இருந்திருந்தால் வெகு விரைவில் சலித்திருப்பார். கீட்டன் இந்தப் பாத்திரத்தில் காட்டும் வெறி, தொண்டை கிழியும் அந்தக் குரல், ஒரு வாக்கியத்துக்குள் நான்கு மனநிலைகளுக்குத் தாவும் வேகம் எல்லாம் அளவாக வருவதால்தான் வெடிக்கின்றன. மெய்ட்லண்ட் தம்பதியாக வரும் அலெக் பால்ட்வினும் ஜீனா டேவிஸும் தங்கள் பாத்திரங்களை அடக்கமாக, சற்றே மங்கலாகக்கூட நடித்திருப்பதை அவர்களுடைய குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த மென்மை இல்லாவிட்டால் கீட்டனின் ஆர்ப்பாட்டம் மோதுவதற்கு எதிரே எதுவுமே இருந்திருக்காது.

மரணத்துக்குப் பிந்தைய உலகத்தை ஏன் அரசு அலுவலகம் போலக் காட்டியிருக்கிறார்கள்?

படத்தின் மிக நல்ல யோசனை இதுதான் என்று கருதுகிறேன். சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. காத்திருப்பு அறை இருக்கிறது. சுண்ணக்கட்டியால் சுவரில் கதவு வரைந்து மூன்று முறை தட்டினால் அந்த அறைக்குள் போகலாம். உள்ளே, இறந்தபோது எந்தக் கோலத்தில் இருந்தார்களோ அதே கோலத்தில் ஆட்கள் வரிசை எண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்கள்: கரிந்துபோன ஒருவர், தலை சுருங்கிய ஒருவர், மாயாஜால மேடையில் இரண்டாக அறுக்கப்பட்டு இரு பாதிகளும் தனித்தனியே அமர்ந்திருக்கும் ஒரு பெண், காலைக் கவ்விய சுறாவோடு ஒரு நீச்சல்காரர். அவர்களுக்கும் பின்னால் கோப்புகளும் தட்டச்சு இயந்திரங்களும் நிறைந்த அலுவலகம் விரிகிறது. வண்டியேறித் தட்டையாகிப்போன ஓர் ஊழியர் அங்கே கம்பியில் தொங்கியபடி நகர்ந்து வேலை பார்க்கிறார். மெய்ட்லண்ட் தம்பதி 125 ஆண்டுகள் அந்த வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என்பது விதி. உதவி கேட்டு அலுவலகத்துக்கு வரக்கூடிய வாய்ப்புகளோ மொத்தம் மூன்றே.

இறப்பு எல்லாக் குழப்பத்துக்கும் விடை சொல்லிவிடும் என்ற மனிதனின் பழைய நம்பிக்கையை இந்த அலுவலகம் நொறுக்குகிறது. கையேடு படிக்கவே முடியாத நடையில் எழுதப்பட்டிருக்கிறது. அதிகாரிக்கு நேரமில்லை. தற்கொலை செய்துகொண்டவர்கள் மறுமையில் அரசு ஊழியர்களாகிவிடுவார்கள் என்று ஓத்தோ போகிறபோக்கில் சொல்வது தனியே கேட்டால் வெறும் கிண்டல். வரவேற்பு மேசையில் இருக்கும் அர்ஜென்டினா அழகிப் பட்டம் அணிந்த பெண், தன் மணிக்கட்டுகளிலுள்ள வெட்டுகளைக் காட்டி, அப்போது இன்று அறிந்ததை அறிந்திருந்தால் அந்தச் சிறு விபத்தைத் தேடியிருக்கவே மாட்டேன் என்று சொல்வதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரிகிறது. தப்பிக்கும் வழி என்று எதை நினைத்தாயோ அதுவும் இன்னொரு வேலைதான் என்று நகைச்சுவைக்குள்ளேயே மிக நேர்மையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

தம்பதியின் வழக்கைப் பார்க்கும் ஜூனோவாக சில்வியா சிட்னி நடித்திருக்கிறார். 1930-களில் ஹாலிவுட்டில் நாயகியாக விளங்கிய அவர், இங்கே ஓயாமல் புகைபிடிக்கும் களைத்த முதிய அதிகாரியாக வருகிறார். இழுத்த புகை அவருடைய அறுந்த கழுத்து வழியே வெளியேறுகிறது. அவர் வரும் காட்சிகள் சில நிமிடங்களே என்றாலும், படத்தில் நடிப்புக்காக மட்டுமே திரும்பப் பார்க்கத்தக்கவை அவை.

காட்சி உத்திகள் மலிவாகத் தெரிகின்றனவே. காலம் கடந்துபோனதாலா?

இல்லை, வெளியான நாளிலேயே அப்படித்தான் தெரிந்தன. பர்ட்டன் விரும்பியதும் அதையே. படத்தின் மொத்தச் செலவு சுமார் 1.5 கோடி டாலர். அதில் காட்சி உத்திகளுக்கென ஒதுக்கப்பட்டது சுமார் 10 லட்சம் டாலர் மட்டுமே. சிறுவயதில் தான் பார்த்து மகிழ்ந்த குறைந்த செலவுப் பேய்ப்படங்களின் கைவேலை தெரியும் தோற்றமே தன் படத்துக்கும் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு சட்டமாகப் படம்பிடிக்கும் ஸ்டாப் மோஷன், ரப்பர் முகமூடிகள், கம்பியில் ஆடும் பொம்மைகள், சிறிய மாதிரி வடிவங்கள் எனப் பழைய கருவிகள் எல்லாம் இங்கே வேலை செய்கின்றன. வீட்டு வாசலைத் தாண்டினால் விரியும் பாலைவனமும், கோடுபோட்ட உடலோடு மணலைப் பிளந்து எழும் பெரும் புழுக்களும் இதற்குச் சிறந்த சான்றுகள்.

பர்ட்டன் முதலில் டிஸ்னி நிறுவனத்தில் அனிமேஷன் கலைஞராக இருந்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது. மலிவு என்று தோன்றும் இடங்களில் உண்மையில் ஒரு வரைகலைஞரின் கண் இருக்கிறது. அலுவலகத்துக்குச் செல்லும் கோணலான தாழ்வாரம், பொருந்தாச் செங்கோணங்கள், நிறங்களின் அடாவடி ஆகியவை 1920-இல் ஜெர்மனியில் எடுக்கப்பட்ட ‘டாக்டர் காலிகரியின் அறை’ போன்ற படங்களின் சாய்ந்த சுவர்களை நினைவூட்டுகின்றன. தயாரிப்பு வடிவமைப்பாளர் போ வெல்ச், வீட்டின் உட்புறத்தைக் கதையோடு சேர்த்தே மாற்றிக்கொண்டு போகிறார்: மெய்ட்லண்ட் தம்பதி இருந்தபோது கதகதப்பான மரமும் பூவேலைப்பாடும், டீட்ஸ் குடும்பம் வந்தபின் வெறிச்சென்ற கல்லும் கூர்முனைகளும், கடைசியில் இரண்டும் கலந்த ஒரு நடுநிலை. கதை என்ன ஆயிற்று என்பதைச் சுவர்களை மட்டும் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒப்பனைக்காக வீ நீல், ஸ்டீவ் லா போர்ட், ராபர்ட் ஷார்ட் மூவரும் ஆஸ்கர் விருது பெற்றார்கள். பூஞ்சை படர்ந்த கன்னம், கறுத்த கண்குழி, மின்சாரம் பாய்ந்தது போன்ற தலைமுடி ஆகியவற்றோடு கீட்டனின் முகத்தை அவர்கள் உருவாக்கியிருக்கும் விதம், கணினி வரைகலை கைக்கு எட்டும் இக்காலத்திலும் மங்கவில்லை. தொட்டால் கையில் ஒட்டும் என்று தோன்றுகிற அழுக்கு அது.

கதை முதலிலிருந்தே நகைச்சுவையாகத்தான் எழுதப்பட்டதா?

கதையை உருவாக்கியவர்கள் மைக்கேல் மெக்டவலும் லேரி வில்சனும். மெக்டவல் அமெரிக்கத் தென்பகுதியைக் களமாகக் கொண்ட திகில் நாவல்களுக்குப் பெயர் பெற்றவர். முதல் திரைக்கதையும் அதற்கேற்ப இருண்டதாகவே இருந்தது. அதில் பீட்டில்ஜூஸ் சிறகுள்ள கொடிய பிசாசு. டீட்ஸ் குடும்பத்தைப் பயமுறுத்துவதை விட்டு நேரே கொல்லவே முனைந்தான். பின்னர் வாரன் ஸ்காரன் திரைக்கதையைத் திருத்தி எழுதியபோதுதான் இப்போதுள்ள சிரிப்பு கூடியது. அந்த முதல் வடிவத்தின் நிழல் படத்திலிருந்து முற்றிலும் போகவில்லை, போகாததே நல்லது. படத்தின் இறுதியில் ஆவிகளை வரவழைக்கும் சடங்கில் ஆடமும் பார்பராவும் தங்கள் திருமண உடைகளுக்குள் நொடிக்கு நொடி முதிர்ந்து, சுருங்கி, உதிரத் தொடங்கும் காட்சி சிரிப்புப் படத்துக்குரியதே அல்ல. அதுவரை விளையாட்டாக இருந்த மரணம் அங்கே ஒரு நிமிடம் மரணமாகவே வந்து நிற்கிறது.

விருந்துக் காட்சியை எல்லோரும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

டீலியா நகரத்திலிருந்து வந்த நண்பர்களுக்கு விருந்து வைக்கிறாள். பேச்சின் நடுவே அவள் வாயிலிருந்து அவளை அறியாமல் ஹாரி பெலஃபாண்டேயின் ‘டே-ஓ’ பாடல் வெளிப்படுகிறது. ஒருவர் பின் ஒருவராக மேசையிலிருந்த அனைவரும் தங்கள் உடலை வேறு யாரோ ஆட்டுவது போல எழுந்து ஆடுகிறார்கள். கடைசியில் கிண்ணத்திலிருந்த இறால்கள் கைகளாக எழுந்து அவர்களுடைய முகங்களைப் பற்றி இழுக்கின்றன.

இரவெல்லாம் வாழைத்தார் சுமந்து, விடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருக்கும் ஜமைக்கத் துறைமுகத் தொழிலாளர்களின் பாட்டு அது. பெலஃபாண்டே 1956-இல் வெளியிட்ட ‘கலிப்ஸோ’ இசைத்தட்டின் மூலம் உலகெங்கும் பரவியது. அந்தப் பாட்டு, உடல் உழைப்பின் வாசனையே அறியாத கலை வணிகர்களின் தொண்டைக்குள் புகுந்துகொள்வதில்தான் காட்சியின் குசும்பு இருக்கிறது. டீலியாவாக நடிக்கும் கேத்தரின் ஓ’ஹாரா இங்கே செய்திருப்பது சாதாரண வேலை இல்லை: முகம் அதிர்ச்சியில் உறைந்திருக்க, இடுப்பும் தோளும் தாளத்தில் மகிழ்ந்து ஆடுகின்றன. ஒரே உடலில் இரண்டு பேர் இருப்பதை எந்த வரைகலையின் துணையும் இல்லாமல் அவர் காட்டிவிடுகிறார்.

காட்சியின் உண்மையான திருப்பம் ஆட்டம் முடிந்த பிறகு வருகிறது. விருந்தினர்கள் அலறி ஓடுவார்கள் என்று மாடியில் பேய்கள் காத்திருக்கின்றன. கீழேயோ எல்லோரும் இவ்வளவு இன்பமாக இருந்ததே இல்லை என்று குதூகலிக்கிறார்கள். சார்லஸ் அடுத்த நொடியே இந்தப் பேய்களை வைத்து எப்படிப் பணம் பண்ணலாம் என்று கணக்குப் போடத் தொடங்குகிறார். எண்பதுகளின் அமெரிக்கச் செல்வந்தரை இதைவிடச் சுருக்கமாகச் சித்திரித்த காட்சி எனக்கு நினைவில்லை. கண்ணெதிரே மறுமை உலகம் திறந்தாலும் அவர்களுக்கு அது ஒரு முதலீடு.

லிடியாவால் மட்டும் பேய்களைப் பார்க்க முடிவது ஏன்?

உயிரோடிருப்பவர்கள் விசித்திரமானவற்றைக் கண்டுகொள்வதில்லை என்று கையேடு சொல்வதாகவும், தானே விசித்திரமானவள் என்பதால் தனக்குத் தெரிகிறது என்றும் லிடியாவே விளக்குகிறாள். வினோனா ரைடர் இதைத் துளியும் பாவனை இல்லாமல் சொல்வதால், பதின்பருவத்தின் தனிமை அந்த ஒரு வரியில் முழுதாக இறங்கிவிடுகிறது.

இதற்கு இணையாக ஓடும் இன்னொரு இழையைப் பலர் கவனிப்பதில்லை. படத்தின் தொடக்கத்தில் வீடு விற்கும் பெண்மணி, இவ்வளவு பெரிய வீடு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கே ஏற்றது என்று பார்பராவிடம் சொல்ல, அவள் முகம் வாடுகிறது. குழந்தைக்காக ஏங்கிய தம்பதி அவர்கள். லிடியாவோ, பெற்றவர் இருந்தும் கவனிப்பார் இல்லாத பெண். அவள் இறந்துவிட நினைத்துக் கடிதம் எழுதும் நேரத்தில், இறப்பு ஒன்றையும் எளிதாக்கிவிடாது என்று அவளிடம் சொல்வது இறந்துபோன பார்பராதான். படத்தின் உயிர் இந்த உறவில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பீட்டில்ஜூஸின் கூத்தெல்லாம் இதைச் சுற்றி வெடிக்கும் வாணவேடிக்கை.

அந்த வீடு எங்கே இருக்கிறது?

வெளிப்புறக் காட்சிகள் வெர்மாண்ட் மாநிலத்தின் ஈஸ்ட் காரிந்த் என்ற சிற்றூரில் எடுக்கப்பட்டன. வீடும் மரப்பாலமும் படத்துக்காக அமைக்கப்பட்டவை. உட்புறக் காட்சிகள் கலிஃபோர்னியாவில் அரங்கங்களுக்குள் படமாக்கப்பட்டன.

வெளியானபோது வரவேற்பு எப்படி இருந்தது?

அமெரிக்காவில் 7 கோடி டாலருக்கும் மேல் வசூலித்துச் செலவைப் பன்மடங்கு மீட்டது. விமர்சகர்கள் ஒருமித்துப் பேசவில்லை. ராஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டு நட்சத்திரங்களே கொடுத்தார். தொடக்கத்தின் இனிமையான வித்தியாசம் அவருக்குப் பிடித்திருந்தது, கீட்டன் நுழைந்தபின் அது கெட்டுப்போனது என்பது அவருடைய மனக்குறை. அவர் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மெய்ட்லண்ட் தம்பதியின் கதையே படத்தின் மையம் என்று அவர் உணர்ந்ததில் பிழையில்லை. வெற்றியின் நேரடி விளைவாக, அடுத்த ஆண்டே பர்ட்டனும் கீட்டனும் ‘பேட்மேன்’ படத்தில் மீண்டும் இணைந்தார்கள். 1990-இல் ‘எட்வர்ட் சிசர்ஹேண்ட்ஸ்’ படத்தில் ரைடர் பர்ட்டனிடம் திரும்பினார்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

அமெரிக்கத் தணிக்கை, பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்கலாம் என்ற பிரிவில்தான் இதை வைத்தது. ஆனால் அக்காலத்தின் தளர்ந்த அளவுகோல் அது. ஒரு கடுமையான வசைச்சொல்லும் ஆபாசமான சைகையும் படத்தில் உண்டு. பீட்டில்ஜூஸ் பெண்களிடம் நடந்துகொள்ளும் முறை அருவருப்பானது. தற்கொலையைப் பற்றிய பேச்சு பல இடங்களில் வருகிறது. உதவிக்கு விலையாகப் பதின்பருவப் பெண்ணான லிடியாவை மணக்க அவர் வற்புறுத்தும் இறுதிப் பகுதி இன்று கூடுதலாகவே உறுத்தும். படம் அதை ஒருபோதும் நியாயப்படுத்தவில்லை, அவரை ஒரு புழு விழுங்கிவிடுகிறது என்றாலும், சிறுவர்கள் தனியே பார்ப்பதை விடப் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து, கேள்வி வந்தால் பதில் சொல்வது நல்லது. பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்பேன்.

கார்ட்டூன், மேடை நாடகம், இரண்டாம் பாகம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டுமா?

1989 முதல் 1991 வரை ஒளிபரப்பான கார்ட்டூன் தொடரில் லிடியாவும் பீட்டில்ஜூஸும் நண்பர்கள். மெய்ட்லண்ட் தம்பதி அறவே இல்லை. படத்தில் மிரட்டியவன் அங்கே குறும்புத் தோழனாகிவிடுகிறான். அது தனக்கெனச் சுவை உள்ள வேறொரு படைப்பு. 2019-இல் பிராட்வே மேடைக்கு இசை நாடகமாகவும் இக்கதை வந்தது.

2024 செப்டம்பரில் வெளியான இரண்டாம் பாகத்தைப் பர்ட்டனே இயக்கினார். வெனிஸ் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாக அது திரையிடப்பட்டது. கீட்டன், ரைடர், ஓ’ஹாரா மூவரும் திரும்பி வந்தார்கள், லிடியாவின் மகளாக ஜென்னா ஒர்டேகா சேர்ந்தார். கைவேலை உத்திகளைக் கைவிடாமல் எடுத்ததற்காகவே அதை மதிக்கிறேன். ஆனால் பால்ட்வினும் டேவிஸும் அதில் இல்லை. பீட்டில்ஜூஸ் ஆர்ப்பரிக்கும்போது எதிரே நின்று திகைக்கும் அந்தச் சாந்தமான இருவர் இல்லாத வெறுமை படம் முழுவதும் தெரிகிறது. முதல் படத்தைப் பார்த்துவிட்டே இதற்குப் போங்கள்.

மறுமுறை பார்க்கும்போது எவற்றைக் கவனிக்கலாம்?

முதல் காட்சியில் டேனி எல்ஃப்மனின் துள்ளும் இசையோடு கேமரா ஊரின் மேல் பறந்து செல்கிறது. எந்த இடத்தில் உண்மையான ஊர் முடிந்து ஆடம் செய்துவைத்த மாதிரி ஊர் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். கூரை மேல் ஒரு பெரிய சிலந்தி ஏறும்போதுதான் பிடிபடும். அந்தச் சிலந்தியை ஆடம் கொல்லாமல் கையில் எடுத்து ஜன்னலுக்கு வெளியே விடுகிறார். யாரையும் துன்புறுத்தத் தெரியாத ஒருவர் எப்படிப் பேயாக முடியும் என்ற சிக்கல் அந்தச் செயலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது.

அடுத்து, தம்பதியர் செய்யும் பயமுறுத்தல்களின் வரிசையைப் பாருங்கள். அலமாரிக்குள் பார்பரா தன் முகத்தையே கிழித்துக்கொண்டு தொங்குகிறாள். அலமாரியைத் திறந்தவர்களோ எதையும் காணாமல் போகிறார்கள். பிறகு படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு முனகுகிறார்கள்; லிடியா போலராய்டு கேமராவால் படம் எடுத்து, விரிப்புக்குக் கீழே கால்களே இல்லையென்று கண்டுபிடிக்கிறாள். மிகக் கோரமான முயற்சி யார் கண்ணிலும் படாமல் போக, மிக அசட்டுத்தனமான முயற்சியே அவர்களுக்கு ஒரு தோழியைத் தேடித் தருகிறது.

கடைசியாக, பார்பரா. தொடக்கத்தில் வாசலைத் தாண்டவே அஞ்சியவள், முடிவில் அதே பாலைவனத்தின் மணற்புழு மேல் ஏறி அமர்ந்து வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கி, லிடியாவை மீட்கிறாள். விளம்பரங்களில் எங்கும் முன்னிறுத்தப்படாத இந்த வீரச்செயலை, முதல் முறை கீட்டனையே பார்த்துக்கொண்டிருந்து தவறவிட்டவர்கள் ஏராளம்.